அப்பாச்சி டாம்கேட்: சென்னையின் சிறு நிறுவனங்களுக்கு ஏற்ற ஜாவா சர்வரா?

கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளிலும், பாரிமுனை மொத்த வியாபாரக் கடைகளின் மாடி அறைகளிலும் பில்லிங், சரக்கிருப்பு, சம்பளப் பட்டியல் போன்ற ஜாவா செயலிகள் ஓடும் சர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். நான் பார்த்தவரை இந்தச் செயலிகளை அப்பாச்சி டாம்கேட்டே அதிகம் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றிய என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது நம்பத்தக்க சர்வர். உரிமக் கட்டணம் எதுவும் இல்லை. சரியாக அமைத்தால் மாதக்கணக்கில் யாரும் தொடாமலே ஓடும். ஆனால் நிறுவிய நிலையிலேயே ஒரு மதிப்பையும் மாற்றாமல் விட்டுவிட்டால், வேலை மிகுந்த நாளில்தான் அது நிற்கும். நின்றதற்கான காரணத்தையும் பெரும்பாலும் எழுதிவைத்திருக்கும். ஆனால் நீங்கள் முதலில் திறந்து பார்க்கும் கோப்பில் அது இருக்காது.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுதிய சர்வ்லெட் (சர்வரில் ஓடி இணையக் கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா நிரல்) மாதிரிச் செயலாக்கம், 1999-இல் அப்பாச்சி அறக்கட்டளைக்கு அளிக்கப்பட்டதிலிருந்து டாம்கேட்டின் வரலாறு தொடங்குகிறது. உள்ளே மூன்று முக்கியப் பகுதிகள் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வாங்குவது கொயோட்டி. சர்வ்லெட்டுகளை நடத்துவது கேட்டலினா. ஜாவா நிரல் கலந்து எழுதும் ஜேஎஸ்பி பக்கங்களை ஜாவாவாக மாற்றிக் கம்பைல் செய்வது ஜாஸ்பர். இந்தப் பெயர்களைத் தெரிந்துவைத்திருப்பது வீண் வேலையல்ல. லாக்கில், அதாவது சர்வர் தன் நடப்பை எழுதிவைக்கும் கோப்பில், ஒரு பிழை வந்தால் அதன் வரிகளில் இம்மூன்றில் எது தென்படுகிறது என்பதைக் கொண்டே, கோளாறு இணைப்பிலா, செயலியிலா, பக்கத்திலா என்பதைப் பாதி ஊகித்துவிடலாம்.

நிறுவுவது எளிது என்பதால் அதைப் பற்றி நீட்டவில்லை. ஜாவாவை நிறுவி, டாம்கேட் தொகுப்பை விரித்து, ‘பின்’ (bin) என்ற கோப்புறையிலுள்ள ஸ்டார்ட்அப் நிரலை ஓட்டினால் 8080 போர்ட்டில் வரவேற்புப் பக்கம் வந்துவிடும். வரவில்லையென்றால் அந்தப் போர்ட்டை வேறு ஏதோ பிடித்துவைத்திருக்கிறது என்பதே பெரும்பாலான காரணம். ஜென்கின்ஸும் அதே போர்ட்டைத்தான் கேட்கும், ஆரக்கிள் எக்ஸ்பிரஸ் பதிப்பின் பழைய வெளியீடுகளும் அதைத்தான் கேட்கும். இரண்டு இடங்களை மட்டும் எச்சரிக்கையாகக் குறிப்பிட விரும்புகிறேன். விண்டோஸில் டாம்கேட்டைச் சேவையாக நிறுவியவர்கள் நினைவக அளவைத் தொடக்க அமைப்புகளுக்கான செட்என்வி கோப்பில் எழுதிவிட்டு, மாற்றம் நடக்கவில்லையே என்று குழம்புகிறார்கள். விண்டோஸ் சேவை அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை, அதற்கென்றுள்ள அமைப்புச் சாளரத்தின் ஜாவா பகுதியில்தான் அளவைக் கொடுக்க வேண்டும். உபுண்டு, டெபியன் தொகுப்புகளிலோ, லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் காவல் ஒன்று கூடுதலாக இருக்கிறது. அது தன் லாக் கோப்புறை, வெப்ஆப்ஸ் கோப்புறை போன்ற சில இடங்களைத் தவிர வேறெங்கும் டாம்கேட்டை எழுத விடாது. செயலி பில்களைப் பிடிஎஃப்பாக வேறொரு கோப்புறையில் சேமிக்க முயன்றால், அந்தக் கோப்புறைக்கு எல்லா அனுமதியும் கொடுத்திருந்தாலும், எழுத முடியாத கோப்பமைப்பு என்றே பிழை வரும். அனுமதிகளை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை. சேவைக் கோப்பின் மேலமைப்பில் ரீட்ரைட்பாத்ஸ் வரியில் அந்தக் கோப்புறையைச் சேர்த்தால்தான் தீரும்.

இனி லாக் கோப்புகள். இந்தச் சர்வரைப் பற்றிய என் மிகப் பெரிய குறையும் மிகப் பெரிய மதிப்பும் இங்கேதான் இருக்கின்றன. செயலி கிளம்பவில்லை என்று யாராவது அழைத்தால், அவர்கள் ஏற்கெனவே கேட்டலினா.அவுட் கோப்பைத் திறந்து பார்த்திருப்பார்கள். அதில் ஒன்றோ அதற்கு மேற்பட்டோ லிசனர்கள் (செயலி கிளம்பும்போது ஓடும் பகுதிகள்) தொடங்கவில்லை, முழு விவரம் உரிய கன்டெய்னர் லாக் கோப்பில் கிடைக்கும் என்று ஒரு வரியும், முந்தைய பிழைகளால் இந்தச் செயலியின் தொடக்கம் தோல்வியுற்றது என்று இன்னொரு வரியும் இருக்கும். எந்தப் பிழை என்பது அங்கே இருக்காது. அந்த உரிய கோப்பு எது என்று டாம்கேட் பெயர் சொல்லுவதில்லை. அது லோக்கல்ஹோஸ்ட் என்று தொடங்கி அன்றைய தேதியோடு முடியும் லாக் கோப்பு. அதைத் திறந்தால் விடுபட்ட ஜார் (ஜாவா நூலகக்) கோப்பின் பெயரோ, டேட்டாபேஸ் கடவுச்சொல் தவறு என்பதோ, ஸ்பிரிங் என்ற ஜாவா கட்டமைப்பின் அமைப்பில் எந்த வரி தவறு என்பதோ முழுமையாக எழுதப்பட்டிருக்கும். இவ்வளவு தெளிவாகக் காரணத்தைப் பதிந்துவைக்கும் சர்வர், அந்தக் கோப்பின் பெயரையும் அதே வரியில் சேர்த்துச் சொல்லியிருந்தால், இந்த நகரத்தில் எத்தனையோ இளைஞர்களின் இரவுகள் மிச்சமாகியிருக்கும்.

கேட்டலினா.அவுட் கோப்பைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மற்ற லாக் கோப்புகள் நாளுக்கு ஒன்றாகப் பிரிகின்றன. அண்மைப் பதிப்புகளில் 90 நாளுக்குப் பின் தாமே அழிகின்றன. லினக்ஸில் நேரடியாக நிறுவிய டாம்கேட்டில் கேட்டலினா.அவுட் மட்டும் அப்படியல்ல. செயலி திரையில் அச்சிடும் ஒவ்வொரு வரியும் அதில் சேர்ந்துகொண்டே போய், ஒருநாள் டிஸ்க் நிரம்பி, டேட்டாபேஸும் சேர்ந்து நிற்கும். லாக் கோப்புகளைச் சுழற்றும் கருவியான லாக்ரொடேட்டில் அதை நகலெடுத்துக் காலியாக்கும் முறையை அமைப்பது நிறுவிய அன்றே செய்ய வேண்டிய வேலை. கோப்பை வெறுமனே அழித்துவிடுவது பயன் தராது. டாம்கேட் அதைத் திறந்து வைத்திருக்கும் வரை டிஸ்க் இடம் திரும்பக் கிடைக்காது.

அடுத்தது, “ஆப் ஹேங் ஆயிடுச்சு சார்” என்று வரும் அழைப்பு. ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யும் நிறுவனங்களில் மாதத்தின் 11-ஆம் தேதியையும் 20-ஆம் தேதியையும் ஒட்டி இந்த அழைப்பு வரும். ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்கும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்கும் அவைதான் கடைசி நாள்கள், கணக்குப் பிரிவில் உள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் பெரிய அறிக்கைகளை எடுப்பார்கள். டாம்கேட் அந்த நேரத்தில் பிழை எதுவும் காட்டாது. பிரௌசரில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். இதற்குக் காரணம் அதன் இயல்பு மதிப்புகள். ஒரே நேரத்தில் வேலை செய்யும் த்ரெட்டுகள், அதாவது தலைக்கொரு கோரிக்கையைக் கவனிக்கும் பணி இழைகள், 200. அவை எல்லாம் சிக்கிக்கொண்ட பிறகும் 9-ஆம் பதிப்பிலிருந்து இணைப்புகளை 8192 வரை வாங்கிக் காத்திருக்க வைக்கும். அதற்கும் மேல் வருபவை 100 வரை இயங்குதளத்தின் வரிசையில் நிற்கும். எனவே பயனருக்கு மறுப்பும் வராது, பதிலும் வராது.

இதைக் கண்டதும் மேக்ஸ்த்ரெட்ஸ் மதிப்பை 200-லிருந்து 500 ஆகவும் 1000 ஆகவும் உயர்த்துவோர் பலர். சிறு நிறுவனங்களில் அது அநேகமாக எப்போதுமே தவறான மருந்து. த்ரெட்டுகள் தீர்ந்துபோவதில்லை, வேறொன்றுக்காகக் காத்துக் கிடக்கின்றன. எதற்காக என்பதை, ஒவ்வொரு த்ரெட்டும் அந்த நொடியில் எங்கே நிற்கிறது என்று காட்டும் த்ரெட் டம்ப் ஒன்றே சொல்லும். ஜேஸ்டேக் கருவி இருந்தால் அதனாலும், இல்லையென்றால் லினக்ஸில் கில் கட்டளைக்கு 3 என்ற குறியைக் கொடுத்தும் அதை எடுக்கலாம். இரண்டாம் வழியில் எடுத்தால் முடிவு கேட்டலினா.அவுட்டில் போய் விழும், சர்வர் நிற்காது. சில விநாடி இடைவெளியில் மூன்று முறை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். எச்டிடிபி-என்ஐஓ என்று பெயர் தொடங்கும் த்ரெட்டுகள் எல்லாம், டேட்டாபேஸ் இணைப்புகளைத் திறந்தே வைத்திருக்கும் தொகுப்பான பூலிலிருந்து கனெக்‌ஷன் கடன் வாங்கும் இடத்திலேயே நின்றால் டேட்டாபேஸ் பூல் வற்றிவிட்டது என்று பொருள். எல்லாம் சாக்கெட்டிலிருந்து பதிலைப் படிக்கக் காத்திருந்தால் வெளியே ஏதோ ஒரு சேவை பதில் தரவில்லை. ஜாவாவின் பழைய எச்டிடிபி இணைப்பு வகுப்புக்குக் காலக்கெடு கொடுக்காவிட்டால் அது முடிவில்லாமல் காத்திருக்கும் என்பதால், எஸ்எம்எஸ் அனுப்பும் சேவை ஒன்று மௌனமானாலே பில்லிங் முழுதும் நின்றுபோகும். அழைப்பு வந்தவுடன் ரீஸ்டார்ட் செய்துவிட்டால் இந்தச் சான்று அனைத்தும் அழிந்துவிடும். மூன்று டம்ப்களை எடுத்த பிறகே ரீஸ்டார்ட் என்பதை நான் பராமரிக்கும் இடங்களில் எல்லோரிடமும் வலியுறுத்துகிறேன்.

கனெக்‌ஷன் பூல் விஷயத்தில் டாம்கேட்டின் மீது எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. ஒரே சர்வருக்குள் இரண்டு பூல்கள் இருக்கின்றன: ஒன்று டிபிசிபி, மற்றொன்று டாம்கேட் ஜேடிபிசி பூல். ஃபேக்டரி என்ற பண்பைக் குறிப்பிடாவிட்டால் டிபிசிபிதான் வரும். 8-ஆம் பதிப்பில் டிபிசிபியின் இரண்டாம் தலைமுறைக்கு மாறியபோது பண்புகளின் பெயர்கள் மாறின. மேக்ஸ்ஆக்டிவ் என்பது மேக்ஸ்டோட்டல் ஆனது, மேக்ஸ்வெயிட் என்பது மேக்ஸ்வெயிட்மில்லிஸ் ஆனது. 7-ஆம் பதிப்புக் காலத்தில் எழுதிய, செயலியின் அமைப்பைச் சொல்லும் கான்டெக்ஸ்ட் கோப்பைப் புதிய பதிப்பில் அப்படியே போட்டால், மேக்ஸ்ஆக்டிவ் 100 என்று எழுதியிருந்தாலும் அது கணக்கில் வராது. இந்தப் பண்பு இப்போது பயன்பாட்டில் இல்லை, மேக்ஸ்டோட்டலின் இயல்பு மதிப்பு 8 என்று ஓர் எச்சரிக்கை வரி மட்டும் லாக்கில் போகும், சர்வர் கிளம்பிவிடும். 8 கனெக்‌ஷன்தான் இருக்கிறது. காத்திருக்கும் கால வரம்போ இயல்பாக எல்லையற்றது. பந்தியில் 200 பேரை உட்கார வைத்துவிட்டு 8 இலை மட்டும் போட்ட நிலை அது. ஆனால் ஜேடிபிசி பூலைத் தேர்ந்தெடுத்தவருக்கு மேக்ஸ்ஆக்டிவ் என்பதே இன்றும் சரியான பெயர். அதன் இயல்பு மதிப்பு 100, காத்திருப்பு 30 விநாடி. எந்தப் பூல் ஓடுகிறது என்று தெரியாமல் எங்கிருந்தோ கிடைத்த வரிகளை ஒட்டுவதால் வரும் தொல்லைகள் கொஞ்சநஞ்சமல்ல.

ஜேடிபிசி பூலுக்கும் தனக்கென்று ஓர் இக்கட்டு இருக்கிறது. மைஎஸ்கியூஎல் தன்னிடம் 28,800 விநாடி, அதாவது எட்டு மணி நேரம், பேச்சில்லாமல் கிடக்கும் இணைப்பைத் துண்டித்துவிடும். ஜேடிபிசி பூல் இணைப்பைக் கொடுக்கும்முன் அதைச் சோதித்துப் பார்ப்பதில்லை. அந்தச் சோதனைக்கான டெஸ்ட்ஆன்பாரோ பண்பு அதில் இயல்பாக அணைந்தே இருக்கிறது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற இடத்தில் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர் ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டுத் திங்கள் காலை திறந்து போடும் முதல் பில்லே பிழையாவதற்கு இதுதான் காரணம். இரண்டு மூன்று முறை முயன்றதும் சரியாகிவிடுவதால் யாரும் புகார் செய்வதில்லை. ஆனால் அந்த முதல் வாடிக்கையாளர் கல்லா முன்னால் நின்றுகொண்டிருக்கிறார். டெஸ்ட்ஆன்பாரோவை இயக்கிவிட்டால் போதும். டிபிசிபி இரண்டாம் தலைமுறையில் அது இயல்பாகவே இயக்கத்தில் இருக்கிறது என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும்.

எந்தப் பூலானாலும் செயலி வாங்கிய கனெக்‌ஷனைத் திருப்பித் தராத நிலை இருந்தால், மேக்ஸ்டோட்டலை உயர்த்துவது வீழ்ச்சியைச் சில மணி நேரம் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது. லாக்அபாண்டண்ட் என்ற பண்பை இயக்கி, கைவிடப்பட்ட கனெக்‌ஷன்களை மீட்கும் பண்பையும் சேர்த்து இயக்கினால், எந்த ஜாவா வகுப்பின் எந்த வரி கனெக்‌ஷனை வாங்கிவிட்டு மூடாமல் போனது என்பதை டாம்கேட் எழுதிக்கொடுக்கும். இந்த வசதியை நான் மனமாரப் பாராட்டுகிறேன். மூலநிரலை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்ட நிறுவனங்களில் இதைப்போல் கைகொடுக்கும் வேறு கருவி இல்லை. டிபிசிபியில் கைவிடப்பட்டதாகக் கருதும் காலம் இயல்பாக 300 விநாடி என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். ஒரே வினா ஐந்து நிமிடத்தைத் தாண்டி ஓடும் மாத இறுதி அறிக்கை இருந்தால் அதன் கனெக்‌ஷனும் பாதியில் பிடுங்கப்படலாம்.

தமிழில் பெயரும் முகவரியும் பதியும் செயலிகளுக்கு டாம்கேட் எவ்வளவு ஏற்றது என்ற கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். யூஆர்எல்லில் வரும் எழுத்துகளை 8-ஆம் பதிப்பு முதல் டாம்கேட், எல்லா மொழி எழுத்துகளுக்கும் இடமுள்ள யூடிஎஃப்-8 குறியாக்கத்திலேயே படிக்கிறது. அதற்கு முன், மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கு மட்டும் இடமுள்ள ஐஎஸ்ஓ-8859-1 ஆகப் படித்தது. ஆனால் படிவத்தின் உள்ளடக்கமாக போஸ்ட் முறையில் வருவது வேறு கணக்கு. சர்வ்லெட் விதியின்படி, பிரௌசர் குறியாக்கத்தைச் சொல்லாவிட்டால் அதை ஐஎஸ்ஓ-8859-1 என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், பிரௌசர்கள் சொல்வதில்லை. ஆகவே 9-ஆம் பதிப்பில் தேடல் பெட்டியில் தமிழ் சரியாக வேலை செய்யும், அதே செயலியின் பதிவுப் படிவத்தில் சிதையும். கோரிக்கையின் குறியாக்கத்தை முன்கூட்டியே குறித்துவிடும் கேரக்டர் என்கோடிங் ஃபில்டரை, செயலியின் அமைப்புக் கோப்பான வெப்.எக்ஸ்எம்எல்லில் மற்ற எல்லா ஃபில்டர்களுக்கும் முன்னதாக வைத்தால் இது தீரும். வேறொரு ஃபில்டர் முதலில் ஒரு பாராமீட்டரைப் படித்துவிட்டால் அதன்பின் குறியாக்கத்தை மாற்ற இயலாது. 10-ஆம் பதிப்பில் பொதுவான வெப்.எக்ஸ்எம்எல் கோப்பிலேயே யூடிஎஃப்-8 எழுதப்பட்டிருப்பது தமிழில் எழுதும் நமக்கு நேரடியான நன்மை.

சிதைந்த தமிழ் எந்த வடிவில் தெரிகிறது என்பதைக் கொண்டே கோளாறின் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். ஒவ்வோர் எழுத்துக் குறியும் மூன்று மூன்று லத்தீன் குறிகளாக, இடையிடையே வட்டத்துக்குள் ஆர் போட்ட குறியோடு தெரிந்தால், யூடிஎஃப்-8 பைட்டுகள் தவறான குறியாக்கத்தில் படிக்கப்பட்டிருக்கின்றன. இது உள்ளே வரும் வழியில் நடந்த பிழை; பைட்டுகள் அழியவில்லை என்பதால், சேமித்த தரவையும் கவனமாக மீட்டுவிடலாம். எல்லாம் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால், தமிழ் எழுத்துக்கே இடமில்லாத குறியாக்கம் ஒன்றில் அவை எழுதப்பட்டுள்ளன. அப்போது உடனே டேட்டாபேஸைத் திறந்து பாருங்கள். அங்கே தமிழ் நன்றாக இருந்தால், ஜேஎஸ்பி பக்கத்தின் குறியாக்கம் குறிப்பிடப்படவில்லை என்பதே சிக்கல். ஒரு வரியில் சரிசெய்யலாம். டேட்டாபேஸிலேயே கேள்விக்குறிகள் இருந்தால் அந்தத் தரவு போனது போனதுதான். மாணவர் பெயர்களையோ நோயாளிகளின் பெயர்களையோ திரும்பத் தட்டச்சு செய்வதைத் தவிர வழியில்லை. எனவே எந்தச் செயலியையும் பயன்பாட்டுக்கு விடும்முன் ஒரு தமிழ்ப் பெயரைப் படிவத்தில் இட்டு, சேமித்து, டேட்டாபேஸில் பார்த்து, திரும்பத் திரையில் கொண்டுவந்து பார்ப்பதை நான் கட்டாயமாக வைத்திருக்கிறேன்.

இன்னொரு நுட்பமும் உண்டு. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட். யூஆர்எல்லில் சதவீதக் குறியோடு எழுதும்போது ஒன்பது எழுத்து இடம் பிடிக்கும். புள்ளி வைத்த மெய்யெழுத்துக்கோ பதினெட்டு. டாம்கேட் ஒரு கோரிக்கையின் தலைப்பகுதிக்கு இயல்பாக அனுமதிப்பது 8192 பைட். ஆங்கிலத்தில் பிரச்சினையின்றி ஓடும் ஒரு நீண்ட வடிகட்டல் படிவம், உள்ளீட்டை யூஆர்எல்லிலேயே சேர்க்கும் கெட் முறையில் தமிழில் அனுப்பினால், தவறான கோரிக்கை என்னும் 400 பிழையோடு திரும்புவது இதனால்தான். அளவை உயர்த்துவதைவிடப் படிவத்தை போஸ்ட் முறைக்கு மாற்றுவதே நல்லது. சதவீதக் குறியாக்கம் இல்லாமல் தமிழ் எழுத்தை நேரடியாக யூஆர்எல்லில் அனுப்பும் பழைய நிரல்களையும் டாம்கேட் இப்போது 400 சொல்லித் திருப்பிவிடும். ரிலாக்ஸ்ட்குவெரிசார்ஸ் என்ற தளர்வு சில அடைப்புக்குறி, கோட்டுக்குறிகளுக்குத்தான். தமிழுக்கு அது உதவாது. நிரலைத் திருத்துவதே வழி.

நேர மண்டலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும், டாம்கேட்டும் அதையே பின்பற்றும். பகலில் மட்டும் வியாபாரம் செய்யும் கடைக்குத் தேதி தவறாது, மணி மட்டும் தவறும். கோயம்பேடு சந்தையில் அதிகாலை மூன்று மணிக்குப் போடும் காய்கறிப் பில்லுக்கோ முந்தைய நாள் தேதி விழும். மாத முதல் நாளில் அது வரி மாதத்தையே மாற்றிவிடும். செட்என்வி கோப்பில் ஆசியா/கொல்கத்தா என்று யூசர்.டைம்சோன் கொடுத்துவிட்டால் போதும்.

நினைவகத்தில்தான் டாம்கேட்டின் லாக் நமக்கு உதவாத ஓர் இடம் இருக்கிறது. எவ்வளவு என்று சொல்லாவிட்டால் ஜாவா, கணினி நினைவகத்தின் கால் பங்கை, செயலியின் தரவுக்கான நினைவகப் பகுதியான ஹீப்பின் உச்சமாக எடுத்துக்கொள்ளும். 4 ஜிபி கணினியில் அது 1 ஜிபி. அது தீர்ந்தால் ஹீப் இடமில்லை என்ற பிழை லாக்கில் வரும், பிழை வரும்போதே ஹீப் டம்ப் எழுதச் சொல்லியும் வைக்கலாம். ஆனால் பயந்துபோய் 4 ஜிபி கணினியில் ஹீப்புக்கே 3.5 ஜிபி கொடுத்து, அதே கணினியில் மைஎஸ்கியூஎல்லையும் ஓட்டினால், ஒருநாள் லினக்ஸ் கர்னலே டாம்கேட்டைக் கொன்றுவிடும். அப்போது கேட்டலினா.அவுட்டில் ஒரு வார்த்தையும் இருக்காது; பாதி வரியில் நின்றிருக்கும். கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையில்தான் கொலைக்கான பதிவு கிடைக்கும். சர்வர் தானாக நிற்கிறது, லாக்கில் ஒன்றுமே இல்லை என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. ரிச்சி தெருவில் ஒரு ரேம் வாங்கிப் போடுவது பல நேரங்களில் வாரக்கணக்கான ஆராய்ச்சியைவிட மலிவு என்பதையும் உரிமையாளர்களிடம் தயங்காமல் சொல்லிவிடுகிறேன்.

சர்வரை நிறுத்தாமலே, செயலி முழுவதும் அடங்கிய தொகுப்பான வார் (WAR) கோப்பைப் புதிதாக ஏற்றும் வசதியைக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். பழைய செயலி தொடங்கிய த்ரெட் நிற்காமல் இருந்தால் பழைய வகுப்புகள் அனைத்தும் நினைவகத்திலேயே தங்கும். இந்த இடத்தில் டாம்கேட்டின் நேர்மை எனக்குப் பிடிக்கும்: எந்தச் செயலி எந்தப் பெயருள்ள த்ரெட்டை நிறுத்தாமல் விட்டது என்று பெயரோடு எழுதிவிடும். அந்த எச்சரிக்கை தென்படும் செயலிகளுக்கு, மதிய உணவு நேரத்தில் முழு ரீஸ்டார்ட் செய்வதே பாதுகாப்பு. டாம்கேட்டின் மேலாளர் (மேனேஜர்) பக்கத்தின் வழியாக ஏற்றும் வார் கோப்புக்கு இயல்பு வரம்பு 50 எம்பி என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. ஸ்பிரிங் நூலகங்களோடு வரும் கோப்பு அதை எளிதில் தாண்டும்.

செயலியை முகவரியின் வேரில், அதாவது செயலியின் பெயர் சேராத முகவரியில், தர விரும்பிச் சர்வர்.எக்ஸ்எம்எல்லில் கான்டெக்ஸ்ட் எழுதி, செயலிக் கோப்புகளின் இடத்தைச் சொல்லும் அதன் டாக்பேஸை வெப்ஆப்ஸ் கோப்புறைக்கு உள்ளேயே காட்டுவது பரவலாகக் காணும் அமைப்பு. இதன் விளைவாக ஒரே செயலி இரண்டு முறை கிளம்பும். பக்கங்கள் சரியாகத் தெரிவதால் யாருக்கும் ஐயம் வராது. ஆனால் நேரம் குறித்து ஓடும் வேலைகள் இரண்டு முறை ஓடும், வாடிக்கையாளருக்கு நினைவூட்டல் எஸ்எம்எஸ் இரண்டு போகும், கனெக்‌ஷன்களும் இரட்டிப்பாகச் செலவாகும். வார் கோப்புக்கு ரூட் என்று பெரிய எழுத்துகளில் பெயரிட்டு வைத்தாலே வேரில் வந்துவிடும் என்னும்போது இந்தச் சுற்றுவழி தேவையில்லை.

பாதுகாப்பில் டாம்கேட் குழுவினரின் பணி பாராட்டத்தக்கது. 2020-இல் கோஸ்ட்கேட் என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, 8009 போர்ட்டில் இயல்பாகத் திறந்திருந்த, முன்னால் உள்ள வலைச் சர்வரோடு பேசுவதற்கான ஏஜேபி இணைப்பின் வழியாகச் செயலிக்குள் இருக்கும் கோப்புகளையே வெளியிலிருந்து படிக்க முடிந்தது. 9.0.31 பதிப்பில் அந்த இணைப்பை இயல்பாகவே மூடி, தேவைப்படுவோரும் ரகசியச் சொல் கொடுத்தால்தான் திறக்கும்படி செய்தார்கள். 2025-இல், கோப்பைத் துண்டாக ஏற்றும் பகுதிப் புட் கோரிக்கை வழியாக வந்த ஓட்டை 9.0.99, 10.1.35, 11.0.3 பதிப்புகளில் அடைக்கப்பட்டது. சாதாரணக் கோப்புகளைப் பரிமாறும் டிஃபால்ட் சர்வ்லெட்டுக்கு எழுதும் அனுமதி தந்தவர்களுக்குத்தான் அதில் ஆபத்து, இயல்பு அமைப்பில் அந்த அனுமதி இல்லை. குறை இருக்கும் இடம் நம் பக்கம்தான்: ஒருமுறை நிறுவிய பதிப்பை ஆண்டுக்கணக்கில் தொடாமல் விடுகிறோம். 8.5 பதிப்புக்கான ஆதரவு 2024 மார்ச் 31-உடன் முடிந்துவிட்டது. அதில் இன்னும் ஓடும் சர்வர் இணையத்துக்குத் திறந்திருந்தால் அதை அவசரமாகக் கவனியுங்கள். முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வரை வைத்து எச்டிடிபிஎஸ் சான்றிதழை அங்கே முடித்து, டாம்கேட்டை உள் முகவரியில் மட்டும் கேட்க வைப்பதே என் பரிந்துரை. அப்படிச் செய்யும்போது, பயனரின் உண்மையான முகவரியை டாம்கேட்டுக்குத் தெரிவிக்கும் ரிமோட்ஐபி வால்வையும் இயக்க வேண்டும். இல்லையேல் லாகின் முடிந்ததும் பயனர் பாதுகாப்பற்ற முகவரிக்குத் திருப்பப்படலாம், அணுகல் லாக்கில் எல்லோரும் ஒரே ஐபியிலிருந்து வருவதாகவே தெரியும்.

மாற்றுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். ஜெட்டி என்ற ஜாவா சர்வர் இலகுவானது, ஒரு செயலிக்குள் பதித்துக்கொள்ள அருமையானது. ஆனால் சர்வரைத் தனியாக நிர்வகிக்கப் போகிறவருக்கு டாம்கேட் தெரிந்த ஆள் சென்னையில் கிடைப்பது போல ஜெட்டி தெரிந்தவர் கிடைப்பதில்லை. சிறு நிறுவனத்துக்கு அதுவே பெரிய காரணம். இஜேபி, ஜேஎம்எஸ் போன்ற பெருநிறுவன ஜாவா வசதிகளை நம்பி எழுதிய செயலியென்றால் டாம்கேட் போதாது, வைல்ட்ஃபிளை போன்ற முழு சர்வர் வேண்டும். கட்டணச் சர்வரான வெப்லாஜிக்கின் உரிமத்துக்குச் செலவிடும் தேவை நான் வேலை செய்யும் அளவிலான நிறுவனங்களில் எனக்குத் தென்பட்டதே இல்லை. புதிதாக எழுதுவோர் ஸ்பிரிங் பூட்டை எடுத்தால், அதற்குள் இயல்பாக இருப்பதும் டாம்கேட்டே. மேலே சொன்ன த்ரெட் கணக்கு அங்கும் பொருந்தும், அமைப்பை எழுதும் இடம் மட்டும் மாறும்.

எந்தப் பதிப்பை நிறுவுவது என்பதில் அவசரம் கூடாது. 10-ஆம் பதிப்பில் ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய சர்வ்லெட் பெயர்வெளி (வகுப்புப் பெயர்களின் முன்னொட்டு) ஜகார்த்தா என்று மாறிவிட்டது. பழைய செயலி அதில் வகுப்பைக் காணோம் என்ற பிழையோடு நிற்கும், அல்லது கிளம்பியும் எல்லாப் பக்கத்துக்கும் 404 தரும். உபுண்டு 22.04-இலிருந்து 24.04-க்குப் போகிறவர்களுக்கு இந்த மாற்றம் தெரியாமலே தலையில் வந்து விழும். புதியதில் சர்வராக வருவது டாம்கேட் 10. மூலநிரல் கையில் இல்லாதவர்கள் வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ என்ற கோப்புறையை உருவாக்கிப் பழைய வார் கோப்பை அதில் வைத்தால், டாம்கேட்டே அதைப் புதிய பெயர்வெளிக்கு மாற்றி வெப்ஆப்ஸில் வைத்துக்கொள்ளும். நான் முயன்ற பல செயலிகளில் அது நன்றாகவே வேலை செய்தது. ஜாவா 8-ஐ விட முடியாத செயலிக்கு 9-ஆம் பதிப்பு, ஜாவா 11 கொண்டு ஓடுவதற்கு 10.1, ஜாவா 17-க்கு வந்துவிட்டவர்களுக்கு 11. பதிப்பு மாறியதும் அணுகல் லாக்கைப் படிக்கும் நிரல்களையும் பாருங்கள்: கோரிக்கைக்கு எடுத்த நேரத்தைக் காட்டும் டி (%D) குறி 9 வரை மில்லிவிநாடியில் இருந்தது, 10 முதல் மைக்ரோவிநாடி, சர்வர் திடீரென்று ஆயிரம் மடங்கு மெதுவானதாக அறிக்கை வந்தால் பதற வேண்டாம். இந்த மேம்படுத்தலை எந்த மாதத்தில் செய்தாலும் 21-ஆம் தேதிக்குப் பிறகு, கணக்குப் பிரிவு மூச்சு விட்ட வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய டாம்கேட் கோப்புறையை அடுத்த மாதத் தாக்கல் முடியும் வரை அழிக்க வேண்டாம்.